பாக்கியத்தின் பெயரில் ஒரு மரண அறிவித்தல்

போன மாதம் என் பழைய நிலையத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவள். கணினி வேலைகளை மறுபடியும் வேறொரு கம்பனிக்குக் கொடுக்கப் போகிறார்களாம். இருக்கிற ஒலிப்பதிவுகளையெல்லாம் பட்டியல் போட்டு ஒப்படைக்க வேண்டுமாம்.

"அக்கா, படிவத்துல கடைசியா ஒரு கட்டம் இருக்கு. 'ஒலிபரப்பக் கூடாதது, காரணம்'னு போட்டிருக்கு. கொழும்புல கேட்டா, அது உங்க நிலையத்தால வந்த கட்டம், அங்கயே கேளுங்கங்கிறாங்க. என்னக்கா நடந்துச்சு?"

தொலைபேசியில் சொல்ல முடியாது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். இரண்டு நாளில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரமாகிவிட்டது.

நான் வேலை செய்த ஒலிபரப்பு நிறுவனம் பெரியது, அரசாங்கத்தினுடையது. பெயர் இங்கே தேவையில்லை. அதன் மலையக நிலையம் மட்டும் மிகச் சிறியது. ஹட்டனுக்கு மேலே ஒரு மேட்டில் பழைய பங்களா ஒன்றின் பின்பாதி. கண்ணாடி தடுத்த இரண்டு அறைகள், ஓர் அலுவலகம், நாடாப் பெட்டிகள் அடுக்கிய ஒரு களஞ்சியம், வெளியே கோபுரம். பகல் பதினொரு மணிக்கே மூட்டம் இறங்கிக் கோபுரத்தின் மேல்பாதியை மறைத்துவிடும். களஞ்சியத்துச் சன்னலை மூட மறந்தால் பெட்டிகளில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

நான் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். ஏ.எல். பரீட்சை முடித்து, விண்ணப்பம் போட்டு, கொழும்பில் ஆறு மாதம் பயிற்சி எடுத்தேன். ஒலிநாடாவை பிளேடால் சரிவாக வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தொழில்நுட்ப உதவியாளராக அந்த மேட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் சிவஞானம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், மூத்த அறிவிப்பாளர். ஊரில் சண்டை நடந்ததால் போக முடியாமல் ஹட்டனில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். எல்லா நிகழ்ச்சிகளையும் மற்றவர்களிடம் விட்டுவிடுவார். மரண அறிவித்தலை மட்டும் யாருக்கும் கொடுக்கமாட்டார். காலையில் தோட்டங்களிலிருந்து தந்தியிலும் தொலைபேசியிலும் வரும் விவரங்களைப் பெரிய எழுத்தில் தன் கையாலேயே திரும்ப எழுதுவார். பிறகு சொன்னவரையே கூப்பிட்டு ஒவ்வொரு பெயரையும் சரிபார்ப்பார். பத்து மணிக்கு ஒலிப்பதிவு. அது பகல் பன்னிரண்டு நாற்பதுக்கும் மாலை ஐந்து நாற்பதுக்கும் போகும். நாடா தட்டுப்பாடான காலம் அது. இரண்டாவது ஒலிபரப்பு முடிந்ததும் அந்த நாடாவை நான் அழித்து, மறுநாளுக்கு வைத்துவிடுவேன். செத்தவர்களின் பெயர்கள் எங்கள் நிலையத்தில் ஒரு நாளுக்கு மேல் தங்குவதில்லை.

ஒரு பெயர் மட்டும் தங்கியது.

ஆனி மாதம். பொகவந்தலாவைப் பக்கம் விடாத மழை. அங்கே ஒரு தோட்டத்து கிளாக்கர் காலையிலேயே கூப்பிட்டார். பாக்கியம் என்ற பெண் நான்கு நாளாகக் காணவில்லை, ஆற்றில் பிணம் கிடைத்திருக்கிறது, முகம் அடையாளம் தெரியவில்லை, புருஷன் வீரையா பார்த்துத் தன் மனைவிதான் என்று பொலிசில் சொல்லிவிட்டான், அன்று மூன்று மணிக்கு அடக்கம் என்றார். ஐயா வழக்கம்போல எழுதினார், சரிபார்த்தார். நான் நாடாவை ஓடவிட்டேன்.

"பொகவந்தலாவையைச் சேர்ந்த திருமதி வீரையா பாக்கியம் காலமானார். அன்னார் வீரையாவின் அன்புத் துணைவியும், ராதாவின் பாசமிகு தாயாரும் ஆவார். அன்னாரின் நல்லடக்கம் இன்று பிற்பகல் மூன்று மணிக்குத் தோட்ட மயானத்தில் நடைபெறும்."

அவர் வாசித்து முடித்த நொடியில் அந்த அறையிலேயே இருந்த தொலைபேசி அடித்தது. நான் நாடாவை நிறுத்த மறந்துவிட்டேன். ஐயா எடுத்தார். கேட்டார். அவர் முகம் மாறுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

"என்ன? வந்திட்டாவோ? உயிரோடயோ?" என்றார். மறுமுனையில் கிளாக்கர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அப்ப அங்க கிடக்கிறது ஆர்?" என்றார்.

பாக்கியம் இறம்பொடையில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். காலை பஸ்ஸில் வந்து இறங்கி லயத்துக்கு நடந்திருக்கிறாள். அவள் வீட்டு வாசலில் மூங்கில் வெட்டிப் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே கிடந்தவள் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. வைத்திருக்கக்கூடிய நிலையில் உடல் இல்லை. குழியும் வெட்டியாகிவிட்டது. அன்று மூன்று மணிக்கு, பாக்கியத்துக்கு வெட்டிய குழியிலேயே அவளைப் புதைத்தார்கள். அறிவித்தல் ஒலிபரப்பாகவில்லை.

மாலையில் நான் அந்த நாடாவை அழிக்க எடுத்தேன். ஐயா கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"இதை அழிக்காதையும் பிள்ளை. செத்த மனிசிக்கெண்டு நாங்கள் வாசிச்சது இது ஒண்டுதான். பேர்தான் பிழைச்சுப்போச்சு."

நாடாவைப் பெட்டியில் போட்டு, மேலே சிவப்புப் பென்சிலால் 'ஒலிபரப்பக் கூடாது' என்று எழுதிக் களஞ்சியத்தின் மேல்தட்டில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. சில வருடங்கள் கழித்து ஓய்வுபெற்றார். ஹட்டனில் அதே அறையில் காலமானார். அவருடைய அறிவித்தலை நான் வாசித்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எல்லாம் கணினி ஆனது. முதலில் நிறுவனத்துக்கே சொந்தமாகக் கணினிப் பிரிவு இருந்தது. ஏதாவது பழுதென்றால் கண்டியிலிருந்து எங்கள் ஆட்களே வந்து பார்ப்பார்கள். பிறகு தலைமையகம் அந்த வேலை முழுவதையும் கொழும்பில் ஒரு தனியார் கம்பனிக்கு ஒப்பந்தத்தில் கொடுத்தது. கண்டியில் இருந்தவர்களை வேறு பிரிவுகளுக்கு மாற்றினார்கள். எங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது: ஒலிபரப்புக் கணினியை நிலைய ஊழியர் எவரும் தொடக்கூடாது, பழுதென்றால் தொலைபேசியில் முறையிட்டு முறைப்பாட்டு இலக்கம் பெற வேண்டும். அறிவித்தலைப் பதிவு செய்து உள்ளே அனுப்புவது மட்டும்தான் எங்கள் வேலை. எந்த நேரத்துக்கு எது போவது என்பதைக் கொழும்பிலிருந்து அவர்கள் அமைத்துவிடுவார்கள். அது எங்கள் ஒலிக் கட்டுப்பாட்டு மேசையான மிக்சர் வழியாக வராமல் நேரே கோபுரத்துக்குப் போய்விடும்.

கம்பனி ஆட்கள் இருவர் வந்து களஞ்சியத்து நாடாக்களையெல்லாம் கணினியில் ஏற்றினார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் தலைப்பு, நேர அளவு, வகை என்று மூன்று கட்டம். சிவப்புப் பென்சிலுக்குக் கட்டம் இல்லை. வேலை முடிந்த அன்று பட்டியலை என்னிடம் நீட்டினார்கள். நாற்பது பக்கம். கந்தப்பளைக்குப் போகும் கடைசி நேர பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், ஒரு பக்கத்தையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். பின்னால் விசாரணையில் கம்பனியின் பிழை, தலைமையகத்தின் பிழை என்று பலதும் பேசினார்கள். அந்தக் கையெழுத்து என்னுடையது.

அதற்கு அடுத்த வருடம், பாக்கியம் திரும்பி வந்து பன்னிரண்டு வருடமான பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை. நான் மேசையில் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்திருந்தேன். பன்னிரண்டு நாற்பது. அறிவித்தலுக்கு முன்னால் போகும் மணியோசை கேட்டது. அன்று எங்களுக்கு அறிவித்தல் எதுவும் வந்திருக்கவில்லை. நான் எதையும் அனுப்பவில்லை.

சுவரிலிருந்த ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து சிவஞானம் ஐயாவின் குரல் வந்தது.

திரும்பிக் கண்ணாடியைத்தான் பார்த்தேன். உள்ளே விளக்கில்லை. ஒலிவாங்கி உறைபோட்டு மூடியிருந்தது. சன்னலுக்கு வெளியே மூட்டம் வெள்ளையாக நின்றது. "திருமதி வீரையா பாக்கியம் காலமானார்" என்று, ஒவ்வொரு பெயருக்கும் பிறகு அவர் விடும் சின்ன மூச்சோடு, நிதானமாக வாசித்தார். என் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தொலைபேசி மணி மலைநாடு முழுக்க அடித்தது. மேசைமேல் இருந்த தொலைபேசியை நான் எடுக்கப்போனேன். அது அடிக்கவே இல்லை.

"என்ன? வந்திட்டாவோ? உயிரோடயோ?"

இடைவெளி.

"அப்ப அங்க கிடக்கிறது ஆர்?"

அதோடு நின்றது. பாட்டு தொடங்கியது.

கொழும்புக்குக் கூப்பிட்டேன். கம்பனியில் ஓர் இளைஞர் மரியாதையாகப் பேசினார். "மிஸ், இங்க எல்லாம் பச்சையாத்தான் காட்டுது. பிழை ஒண்ணும் இல்ல."

"தம்பி, உயிரோட இருக்கிறவங்கள செத்துட்டாங்கன்னு சொல்லியிருக்கு. வாசிச்சவர் செத்து மூணு வருசம்."

அவர் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "நேத்து இரவு புது மெஷினுக்கு மாத்தினோம் மிஸ். எல்லாத்திலயும் இன்றைய திகதி விழுந்திருக்கும். மரண அறிவித்தல் எண்டு இருக்கிறதுல இன்றைய திகதி உள்ளது தானா போகும். முறைப்பாட்டு இலக்கம் தாறன், எழுதிக்கோங்க."

கணினிக்கு அனுப்புகிற அறிவித்தல்களும் அன்றன்றே அழிந்துவிடும்; அழிக்காமல் விட்டது அந்த ஒன்றுதான். ஆகவே அது மட்டும் போயிருக்கிறது.

"அஞ்சு நாப்பதுக்குத் திரும்பப் போகுமே தம்பி. அதுக்குள்ள எடுத்துருவீங்களா?"

"அனுமதி வரணும் மிஸ். நாளைக்கு எடுத்துருவோம்."

எங்கள் பொறுப்பதிகாரி நல்ல மனிதர். ஆனால் அவருக்கு ஓய்வுபெற ஒரு வருடம்தான் இருந்தது. சுற்றறிக்கையை எடுத்து மேசையில் வைத்து, "தொடாதே செல்வராணி, அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

இரண்டு மணியிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. இறம்பொடையிலிருந்து பாக்கியத்தின் தங்கை வேன் பிடித்துப் புறப்பட்டுவிட்டாளாம். கொழும்பில் தையல் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகள் ராதாவுக்கு யாரோ சொல்லி, அவள் அங்கேயே மயங்கி விழுந்துவிட்டாளாம். மூன்று மணிக்கு இன்னோர் அழைப்பு வந்தது.

"மிஸ், நான் பாக்கியம் பேசுறேங்க. செத்துட்டேன்னு சொன்னீங்கல்ல, அந்தப் பாக்கியம்."

மன்னியுங்கள், பெரிய பிழை நடந்துவிட்டது என்று ஏதோ சொன்னேன்.

"அது கெடக்கட்டுங்க. வாசல்ல மாலையோட ஆளுங்க நிக்கிறாங்க, நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக்கிட்டு இருக்கேன். ஒண்ணு கேக்கத்தான் கூப்பிட்டேன். கடைசியா அந்த ஐயா ஒண்ணு கேட்டாருல்ல, அங்க கெடக்கிறது யாருன்னு. அது யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதாங்க?"

"இல்லங்க."

"எனக்கும் தெரியல. வருசா வருசம் ஆனி மாசம் அந்தக் குழிக்கு மாலை போடுறேன். என் குழிதானே. யாருக்குப் போடுறேன்னு தெரியாமப் போடுறேன் மிஸ். ரேடியோவுல கேட்டீங்கன்னா யாராச்சும் சொல்லுவாங்க. எங்க சனம் எல்லாரும் கேக்குறாங்கல்ல."

தொலைபேசியை வைத்த பிறகும் அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. ஐந்து மணிக்கு இளைஞரை மறுபடி கூப்பிட்டேன். அனுமதி வரவில்லை. ஐந்து முப்பத்தைந்துக்குக் கணினி அறைக்குள் போனேன். பொறுப்பதிகாரி வாசலில் நின்றார். தடுக்கவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. கோபுரத்துக்குப் போகும் கேபிளைக் கணினியின் பின்னாலிருந்து பிடுங்கி, பழைய மிக்சரில் செருகினேன். ஒலிபரப்பு நின்றது. மலைநாட்டு ரேடியோக்களில் வெறும் இரைச்சல்தான் கேட்டிருக்கும். ஓடிப்போய் ஒலிவாங்கியின் உறையைக் கழற்றினேன். ஐயாவின் அறிவித்தலைத் தவிர நான் அதுவரை எதையும் வாசித்ததில்லை.

"இன்று பகல் காலமானதாக அறிவிக்கப்பட்ட பொகவந்தலாவை பாக்கியம் அவர்கள் நலமாக இருக்கிறார்கள். அந்த அறிவித்தல் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு தவறுதலாகப் பதிவானது. நேயர்களிடமும் குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்கிறோம்."

அதோடு நிறுத்தியிருந்தால் எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிருக்கும். நான் நிறுத்தவில்லை.

"அந்த வருடம் ஆனி மாதம் பொகவந்தலாவை ஆற்றில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. பாக்கியத்துக்கு வெட்டிய குழியில் அந்தப் பெண்ணை அடக்கம் செய்தார்கள். அவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. அந்த மாதத்தில் உங்கள் வீட்டுப் பெண் யாராவது காணாமல் போயிருந்தால் நிலையத்துக்கு அறிவியுங்கள்."

மறுநாளே என்னை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். கணினியைத் தொட்டது ஒரு குற்றம், அனுமதி பெறாத செய்தியை வாசித்தது இன்னொரு குற்றம். கந்தப்பளையில் வீட்டில் இருந்தேன். ஒரு வாரம் கழித்து ஒருவர் விசாரித்துக்கொண்டு வாசலுக்கே வந்தார். ஐம்பது வயதிருக்கும். பெயர் முருகேசு, அடுத்த தோட்டத்துக்காரர்.

"மிஸ், நீங்கதானே ரேடியோவுல கேட்டது? கடையில சாமான் வாங்கிட்டு நின்னேன். அந்த ஆனி மாசந்தான் என் தங்கச்சி காணாமப் போனா."

தங்கை பெயர் தவமணி. பத்தொன்பது வயதில் பொகவந்தலாவை பஜாரில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் அந்த வீட்டார் ஆள் அனுப்பி, உங்கள் பெண் எவனோடோ ஓடிவிட்டாள் என்று சொன்னார்களாம். அப்பா சாகும்வரை அவள் பெயரைச் சொல்லவில்லை. மற்றவர்களையும் சொல்ல விடவில்லை.

நாங்கள் இருவரும் பொகவந்தலாவைக்குப் பஸ் ஏறினோம். பஜாரில் இறங்கி, அந்த வீடு இருந்த இடத்தை முருகேசு காட்டினார். வீட்டார் எப்போதோ விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே இப்போது ஒரு பலசரக்குக் கடை இருந்தது. அவர்கள் போன இடம் கடைக்காரருக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் ஆற்றுக்கு எப்படி வந்தாள் என்பதை இன்றுவரை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பொலிசில் எழுதிக்கொடுத்தோம். எழுதிக்கொண்டார்கள்.

தோட்டத்து ஆபீசில் முன்பே சொல்லிவைத்திருந்ததால், பாக்கியம் லயத்தில் எங்களுக்காகக் காத்திருந்தாள். சிறிய உருவம், உரத்த குரல். வீரையா உள்ளே சுவரோரம் குந்தியிருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"உக்காருங்க" என்றாள் பாக்கியம். "எனக்குச் சொன்னத இவங்களுக்கும் சொல்லுங்க."

வீரையா மறுபடி சுவரோரம் உட்கார்ந்தார்.

"அது இவ இல்லன்னு எனக்குத் தெரியுங்க" என்றார். "பாத்ததுமே தெரியும். பொலிஸ்ல, உன் பொண்டாட்டியான்னு கேட்டாங்க. இல்லன்னு சொன்னா, அப்ப உன் பொண்டாட்டி எங்கன்னு கேப்பாங்க. சண்ட போட்டுக்கிட்டு என்னைய விட்டுட்டுப் போயிட்டான்னு லயம் பூராத் தெரிஞ்சிரும். ஆமான்னுட்டேன்."

"நான் விட்டுட்டுப் போனதவிட செத்தது தேவலன்னு நெனச்சாரு" என்றாள் பாக்கியம். அவள் குரலில் கோபம் இல்லை. பழைய விஷயத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "பத்து வருசம் கழிச்சு, காய்ச்சல்ல கெடக்கையில சொன்னாரு."

முருகேசு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அது இவங்க இல்லன்னு எப்படிங்க தெரிஞ்சுது?"

"கையில பச்ச குத்தியிருந்துச்சு. இவ கையில கெடையாது."

"என்ன பச்ச?"

"எழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க. ஆனா கண்ணுலயே நிக்குது. படுத்தா வருது."

வீரையா பக்கத்திலிருந்த தேத்தண்ணிக் கோப்பையில் விரலை நனைத்தார். சீமெந்துத் தரையில் மெதுவாக வரைந்தார். ஒரு வளைவு, ஒரு கோடு, ஒரு சுழி. விரல் காயும்போது மறுபடி நனைத்துக்கொண்டார். எழுதுகிறவரின் கைபோல இல்லை அது. கோலம் போடுகிறவர் புள்ளியைத் தேடுவதுபோல இருந்தது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுத்தென்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. வெறும் கிறுக்கலாகப் பட்டது. இந்த மனிதரின் பேச்சை நம்பி இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று நினைத்தேன்.

எதிரில் இருந்த முருகேசு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

அப்போதுதான் எழுந்து அவர் பக்கம் போனேன். அங்கிருந்து பார்த்தபோது எழுத்துகள் நேராக இருந்தன. வீரையா அன்று பிணத்தின் தலைமாட்டில் நின்றிருக்கிறார். கையிலிருந்ததைத் தலைகீழாகப் பார்த்திருக்கிறார். பார்த்தபடியே பன்னிரண்டு வருடம் வைத்திருந்து, பார்த்தபடியே வரைந்திருக்கிறார். 'தவமணி' என்று தரையில் ஈரமாக இருந்தது. முதல் எழுத்து காயத் தொடங்கியிருந்தது.

குழியை பாக்கியம்தான் காட்டினாள். தேயிலைக்கு நடுவே, சரிவில், கல்வைத்து அடையாளம் செய்திருந்தாள். முருகேசு அங்கே வெகுநேரம் நின்றார். "ஓடிட்டான்னு சொன்னோமே. அவள ஓடிட்டான்னு சொன்னோமே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து என்னை மறுபடி வேலைக்கு எடுத்தார்கள். சம்பள உயர்வு ஒன்று போனது. கம்பனி படிவத்தில் 'ஒலிபரப்பக் கூடாதது, காரணம்' என்ற நான்காவது கட்டத்தைச் சேர்த்தது. நான் வேலைக்குத் திரும்பிய முதல் கிழமை முருகேசு நிலையத்துக்கு வந்தார். தங்கைக்கு முறையாக ஓர் அறிவித்தல் வாசிக்க வேண்டும் என்றார். பொறுப்பதிகாரி கொழும்போடு தானே பேசி அனுமதி வாங்கித் தந்தார்.

முருகேசு சொல்லச் சொல்ல நான் பெரிய எழுத்தில் எழுதினேன். கந்தப்பளையைச் சேர்ந்த செல்வி தவமணி. தகப்பன் பெயர், தாய் பெயர். முருகேசுவின் அன்புச் சகோதரி. அத்தோடு நிறுத்திவிட்டு, "பாக்கியம் அம்மா பேரையும் போடலாமா மிஸ்?" என்று கேட்டார்.

"என்ன உறவுன்னு போடுறது?"

பாக்கியத்திடமே கேட்போம் என்று அவள் தோட்டத்து ஆபீசுக்குக் கூப்பிட்டேன். தேயிலைக் கொழுந்தை நிறுக்கக் கொண்டுவந்திருந்தவளை அழைத்துவர ஆள் போனது. கால்மணி நேரம் காத்திருந்தோம். மூச்சு வாங்க வந்து ரிசீவரைப் பிடித்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு மிஸ்?" என்றாள் பாக்கியம். "பன்னண்டு வருசமா என் பேர வச்சுக்கிட்டு என் குழியில படுத்திருந்தவ. என் தங்கச்சின்னு போடுங்க."

அப்படியே வாசித்தேன்.